அடி வாங்கும் வேடம்

போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். எதிர்ச் சரிவில், தேயிலைக்கு நடுவே, ஒரு கல்யாண ஜோடியை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் மலைக்குக் கூட்டிவந்து இப்படிப் படம் எடுக்கிறார்கள். பெண் தரையில் புரளும் வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். மாப்பிள்ளை அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், அவள் கைகளை விரித்து வானத்தைப் பார்க்க வேண்டும். அவன் பிடிக்க வேண்டிய இடத்தை விட்டு விலாவில் பிடித்தான். விழப்போகிறார்கள் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் கட்டிப் புரண்டு விழுந்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. தம்பி, நீ தூக்கக் கூடாது, அவள்தான் குதிக்க வேண்டும், நீ தாங்கினால் போதும் என்று ரோட்டிலிருந்தே சிங்களத்தில் சத்தம் போட்டுச் சொன்னேன். படம் பிடிக்கிறவர் திரும்பிப் பார்த்து, அம்மா பாலே ஆடினவர் போலிருக்கிறதே என்று கேலியாகச் சொன்னார். ஆமாம் என்றேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. முழங்காலில் துணிக்கட்டு, கையில் கறுப்புக் குடை, சாவு வீட்டுக்குக் கட்டிப்போன பழைய சேலை. என்னைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வராது.

அந்தப் பெண் எழுந்து நின்றபோது கவுனின் பின்பக்கம் முழுக்க மலை மண். வெள்ளைத் துணியில் இந்த மண் காய்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு? காய்ந்த ரத்தம் மாதிரியே இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் என் கால் கட்டைவிரல்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். பாலே ஆடுகிற சப்பாத்தின் நுனி கட்டைபோல இறுகியிருக்கும். அந்த நுனியில் முழு உடம்பையும் நிறுத்த வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் பறப்பதுபோல் தெரியும். உள்ளே நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஆட்டம் முடிந்து சப்பாத்தைக் கழற்றும்போது காலுறையோடு தோலும் சேர்ந்து வரும். என் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வரும்போது அவள் காலிலும் ரத்தம்தான். அது அட்டை கடித்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனால் காலில் ரத்தத்தோடுதான் திரும்புவோம் என்று கூட ஆடும் பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் முதன்முதலாக ஆடியது எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவில். ஆறேழு வயது இருக்கும். தப்பு அடிக்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாகத் தாளம் போடும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் ஆடிவிட்டேன். சனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அப்பா வந்து என் தலைமயிரைப் பிடித்து நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, அந்த லயம் வரைக்கும் இழுத்துப்போனார். கூடை பின்னுகிற பிரம்பு எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த ஒற்றைக் காம்பிராவின் மூலையில் எப்போதும் இருக்கும். அது முறிகிறவரை அடித்தார். ஆம்பளைங்க முன்னாடி ஆடுவியா, ஆடுவியா என்று கேட்டுக் கேட்டு அடித்தது நினைவிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். பிற்காலத்தில் என் தொழிலே அதுவாகிப் போனது.

அப்பா பெயர் ராமையா. கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வருடக்கணக்கில் பறித்த பிறகு, மறுபடி துளிர்க்கட்டும் என்று இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். அந்தக் கத்தி கனமானது, நுனி வளைந்தது. அப்பா வீசினால் விரல் தடிமன் கிளை ஒரே வீச்சில் சாய்வாகத் துண்டாகும், பட்டை பிசிறாது. வெளியில் எல்லோருக்கும் அவர் நல்ல மனுஷன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய்க் குழி வெட்டுவது அவர்தான். வீட்டுக்குள் வந்தால் அடிப்பார். குடித்தால் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். என்னைவிட அம்மாவுக்குத்தான் அதிகம். லயத்தில் பக்கத்துக் காம்பிராவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அம்மா கத்தத் தொடங்கினால் அந்தப் பக்கம் ரேடியோச் சத்தம் கூடும். அதனால் எனக்கு அந்தக் காலத்துப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். ஒன்றைக்கூட நிம்மதியாகக் கேட்டதில்லை.

அம்மாதான் என்னைக் கொழும்புக்கு அனுப்பினாள். வீட்டு வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது அப்போது சர்வ சாதாரணம். எங்கேயாவது போ, இங்கே இருந்தால் செத்துப்போவாய் என்று சொல்லி அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்த வீட்டு அம்மா, பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலே கற்றுக்கொடுத்தார். முன்கூடத்தில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கம்பி. நான் தரை துடைப்பேன். துடைத்த கையோடு சமையலறை வாசலில் நின்று அவர்கள் செய்வதையெல்லாம் செய்வேன். ஒருமுறை ஆண்டு விழாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை கணுக்காலை முறித்துக்கொண்டது. அந்தச் சட்டை எனக்கு அளவாக இருந்தது. சட்டைக்குத்தான் ஆள் தேடினார்கள், என்னை யாரும் தேடவில்லை. அந்த அம்மா ஆடுசதையில் கோடு போடுகிற அடிமட்டத்தால் அடிப்பார். மற்றப் பிள்ளைகள் அழும். அப்பாவின் கையோடு பார்த்தால் எனக்கு அது கொசுக்கடி. அழாத பிள்ளை என்று என்னை அவருக்குப் பிடித்துப்போனது.

அங்கிருந்து இசை நாடகங்களுக்கு வந்தேன். கொழும்பில் அப்போது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பாட்டும் ஆட்டமுமாகப் பெரிய நாடகங்கள் போடுவார்கள். கூட்டத்தோடு ஆட ஆள் தேவை. என் சொந்தப் பெயர் விளம்பரத்துக்குச் சரிவராது என்று ஒரு சிங்களப் பெயர் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. சிங்களம் வழுவழுவென்று பேசுவேன், நிறமும் அப்படி ஒன்றும் கறுப்பில்லை. நாட்டில் அடிக்கடி இனக்கலவர நெருப்பு எழும்பிக்கொண்டிருந்த காலம். தமிழ் என்று தெரியாமல் இருப்பது பஸ்ஸில் போகிறபோது நல்லதாக இருந்தது. என் அம்மாவின் காலைப் பற்றி யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

சுனிலுக்கு மட்டும் தெரியும். சுனில் கம்பளைப் பக்கத்து ஆள், பன்சலையில், அதுதான் புத்த கோயிலில், பெரகரா ஊர்வலத்தில் ஆடுகிற குடும்பம். என்னைத் தூக்கிப் பிடிக்கிற ஜோடி ஆட்டக்காரன். ஒத்திகையில் என்னைத் தூக்கியபடியே, இவ்வளவு சோறு சாப்பிடுகிறவள் மேலே போய்ப் பறவை மாதிரி எப்படி முகம் வைத்துக்கொள்கிறாய் என்று கேட்பான். ஒருமுறை அவன் என் காலை மிதித்துவிட்டான். வாயில் வந்தது சுத்தமான தோட்டத்துக் கெட்டவார்த்தை. தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த கம்பளைக்காரனுக்கு அது விளங்கியது. சிரித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சாராயக்கடை ஆட்டம். குடிகாரன் ஒருவன் தன் பெண்ணை அடிப்பான், மயிரைப் பிடித்து மேடை முழுக்க இழுப்பான், மேசைமேல் தூக்கி எறிவான். எல்லாம் தாளத்துக்கு. நாடகத்திலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டல். சனங்களுக்கு ஒரு பெண் பறப்பதைவிட அடிவாங்குவது பிடித்திருந்தது.

அதில் அடி எதுவும் படாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கன்னத்தில் அறையும்போது அவன் கை என் மூக்குக்கு முன்னால் காற்றில்தான் போகும். சத்தத்துக்கு நான் என் தொடையில் தட்டிக்கொள்வேன். மயிரைப் பிடித்து இழுக்கிறானே, அது இன்னும் வேடிக்கை. அவன் கை சும்மா தலையில் இருக்கும். நான்தான் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவேன். போகிற திசையைக்கூட நான்தான் சொல்வேன். ஆனால் விழுவது நிஜம். இடுப்பு, முழங்கை, முட்டி எல்லாம் கன்றிப்போய் இருக்கும். ராத்திரி தைலம் தேய்க்காமல் படுத்தால் காலையில் எழும்ப முடியாது.

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கதாநாயகிகள் அடிவாங்க மாட்டார்கள், விழ மாட்டார்கள். முகம் போய்விடும். அடி வாங்குகிற நேரம் வந்தால் அவர்களுடைய சேலையை நான் கட்டிக்கொள்வேன். படிக்கட்டில் உருண்டிருக்கிறேன், ஆற்றில் தள்ளப்பட்டிருக்கிறேன், எரிகிற குடிசையிலிருந்து இழுத்து வெளியே போடப்பட்டிருக்கிறேன். என் முகம் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடையாது. முதுகு தெரிகிற படங்கள் ஏராளம். ஒரு சவர்க்கார விளம்பரத்தில் என் பாதங்கள் வந்தன. அதற்கும் விரல்கள் படத்தில் வரக் கூடாதென்று விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் காட்டினார்கள்.

அப்படி ஒரு படத்துக்காகத்தான் மலைக்கு வந்தோம். தோட்டக் காட்சி, நுவரெலியாவில் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். பஸ் தலவாக்கலை தாண்டி அக்கரப்பத்தனை ரோட்டில் திரும்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று எனக்கு விளங்கியது. தயாரிப்பாளரும் எங்கள் தோட்டத்துத் துரையும் கூட்டாளிகளாம். நான் பிறந்த லயத்தைத் தாண்டித்தான் படப்பிடிப்பு நடக்கிற மலைக்குப் போனோம். ஜன்னல் பக்கம் இருந்த சுனில் என்னைப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டான்.

காலையில் கூட்ட ஆட்டம். எங்கள் எல்லோருக்கும் பளபளக்கிற பாவாடை, முதுகில் புதுக்கூடை. அதன் கயிற்றைத் தலையில் மாட்டாமல், பள்ளிக்கூடப் பை மாதிரித் தோளில் மாட்டச் சொன்னார்கள். மேட்டில் நின்ற நிஜக் கொழுந்துக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அம்மா இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகப் பக்கத்தில் வந்து, என் கன்னத்தை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். என்ன ஆத்தா இது, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கே என்றாள். கூட ஆடும் பிள்ளைகளிடம் நான், பாவம், வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒரு அம்மா என்று சொன்னேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது வசதியாகப் போயிற்று. அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. போகும்போது குனிந்தபடி, அப்பா மேமலையில கவ்வாத்துல இருக்காரு, அவரு எறங்குறதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிரு என்றாள்.

முடியவில்லை. மூடுபனி வந்து வந்து வெயிலை மறைத்தது. கதாநாயகியைக் கங்காணி மகன் அடித்து இழுத்துப்போகிற காட்சி கடைசிக்குத் தள்ளிப்போனது. கங்காணி மகன் சுனில். கதாநாயகி நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள், நான் அவள் சேலையைக் கட்டிக்கொண்டேன். சத்தத்தைப் பிறகு கொழும்பில் சேர்ப்பார்கள். ஆனாலும் கத்தினால்தான் உடம்பு சரியாக வளையும் என்று டைரக்டர் சொல்வார். கத்துவதில் நான் கெட்டிக்காரி. கேமரா ஓடத் தொடங்கியது. சுனில் அறைந்தான், நான் சுழன்று விழுந்தேன். மயிரைப் பிடித்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்கினேன். கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் என்னை எறிந்தான். நான் மல்லாந்து கிடந்தபடி, அம்மா, அம்மா என்று கத்தினேன்.

மேலே வானம் தெரிந்தது, அவன் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், முழங்காலுக்குக் கட்டிய சாக்கோடு ஒரு ஆள் செடிகளைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தது தெரிந்தது. அப்பா. கவ்வாத்துக் கத்தி தலைக்கு மேலே இருந்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் கண்ணைக் காட்டியதைப் பார்த்துத்தான் சுனில் திரும்பினான். என்னைத் தூக்குகிற வலது கையைத் தலைக்குக் குறுக்கே உயர்த்தினான். கத்தி அந்தக் கையில் இறங்கியது.

மரத்தை வெட்டினால் வருகிற சத்தம்தான் வந்தது. நான் ஆயிரம் நடிப்பு அடி வாங்கியவள். நிஜ அடியின் சத்தம் அவ்வளவு சின்னது. சுனில் முழங்கால் மடிந்து என்மேல் விழுந்தான். சூடாக என் கழுத்தில் ஊற்றியது. அப்பா இரண்டாவது தடவை ஓங்கினார். அதற்குள் லைட்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். கேமராவைத் தாங்குகிற இரும்புக் காலால் அடித்தார்கள். கத்தியைப் போட்டுவிட்டு அவர் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சுருண்டார். விலாவில் மிதித்தார்கள். முகத்தில் மிதித்தார்கள். நான் சுனிலைத் தள்ளிவிட்டுக் கானிலிருந்து ஏறிப்போய் அப்பா மேல் விழுந்தேன். முதுகில் எனக்கு ரெண்டு விழுந்தது.

"அடிக்காதீங்க. எங்கப்பா. அது எங்கப்பா."

தமிழில் கத்தியிருக்கிறேன். இரும்புக்காலை ஓங்கியிருந்தவன் அப்படியே நின்று என்னைப் பார்த்தான். அவனும் நானும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். நான் கடித்த சோற்றைத் துப்பப்போகிறவன் மாதிரி அவன் முகம் மாறியது. பிறகு சிங்களத்தில், இவள் தெமள, தமிழச்சி என்று மற்றவர்களிடம் சொன்னான். 

சுனிலின் கையை, காலையில் நான் மாட்டியிருந்த கூடையின் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கொழுந்து லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக அவன் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டான், அரைகுறைத் தமிழில். "ஒங்க அப்பாவா?" ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறுகிற நேரம், லொறியொன்று தோட்டத்துக்குள் வந்ததாம். தமிழன் சிங்களச் சினிமா நடிகனை வெட்டிக் கொன்றுவிட்டான் என்று வெளியே கதை பரவியிருந்தது. வந்தவர்கள் கையில் பொல்லும் மண்ணெண்ணெய் டின்னும் இருந்தன. அம்மா மற்றப் பெண்களோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் நுழைந்துவிட்டாள். அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு லயம் எரிவதைப் பார்த்தாள். எங்கள் காம்பிராவும் அதை ஒட்டிய காம்பிராக்களும் எரிந்தன. பக்கத்து வீட்டு ரேடியோவும் எரிந்தது. ஓட முடியாமல் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைப் பொல்லால் அடித்ததில் அவருக்குத் தோள் இறங்கிப்போனது. கட்டி வைத்திருந்த ஆடுகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா இதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. ஆடு கத்துனப்ப பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டோம் என்று மட்டும் சொன்னாள்.

அதே காலையில் ஆஸ்பத்திரியில் பொலிஸார் சுனிலின் கட்டிலுக்கு வந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. வெட்டியது யார் என்று கேட்டார்கள். அவன் சொன்னதை இன்றைக்கும் அந்தக் குரலோடு என்னால் சொல்ல முடியும். அந்த மனிதர் படத்தில் நடிக்க வந்தவர், மகளைக் காப்பாற்ற ஓடிவருகிற அப்பா வேடம், கத்திக்கு நான் விலக வேண்டிய நேரத்தில் கால் வழுக்கிவிட்டது, தப்பு என்னுடையது என்றான். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். டைரக்டர் வாசலில் நின்றார். அவருக்குத் தன் படம் நின்றுபோகக் கூடாது. ஆமாம், காட்சியே அதுதான், ஃபிலிமில் எல்லாம் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன் என்றார்.

பொலிஸில் பிடித்து வைத்திருந்த அப்பாவை இரண்டு விலா முறிந்த நிலையில் விட்டுவிட்டார்கள். சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாது என்பதால் படத்திலும் அந்தக் காட்சியை வைத்தே ஆக வேண்டியதாயிற்று. கத்தி இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். இப்படித்தான், இருபது வருடம் ஆடியும் நான் முகம் காட்டாத சினிமாவில் என் அப்பா முகம் காட்டினார்.

அதற்குப் பிறகு அப்பா அம்மாவை அடிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அடித்தார். குறைந்தது, நிற்கவில்லை. படம் ஹட்டனுக்கு வந்தபோது பகல் காட்சிக்கு அவரைக் கூட்டிப்போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் திரையில் ஓடி வந்ததும் அரங்கம் முழுக்க விசில், கைதட்டல். எனக்குப் பக்கத்தில் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ வழக்கில் தீர்ப்பு கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து ஒரு கடையில் பால் இல்லாத பிளேன்டி குடித்தோம். அந்தத் தம்பி கை இப்ப எப்புடி இருக்கு என்று கேட்டார். மூன்று விரல் மடங்குவதில்லை, இனி யாரையும் தூக்க முடியாது என்றேன். கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"படம்னு எனக்குத் தெரியும் தாயி. அவன் கை ஒம்மேல படலன்னும் பாத்தேன். நீ கத்துனியே, அது ஒங்கம்மா கத்துற சத்தம். அத நான் வெளிய நின்னு கேட்டதே இல்ல."

நான் அதுவரை யோசித்ததே இல்லை. மேடையில் முதன்முதலாகக் கத்தச் சொன்னபோது எங்கிருந்து எடுத்தேன் அதை? யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் கேட்டது அப்படியே வந்தது. சனங்கள் கைதட்டினார்கள். அந்தப் பகலுக்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. வாயைத் திறப்பேன், காற்றுத்தான் வரும். டைரக்டர்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள், பிறகு வேறு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். இன்னும் சில வருடம் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஆடிவிட்டு, முட்டி போனதும் ஹட்டனுக்கு வந்துவிட்டேன்.

சுனில் சண்டைக் காட்சி சொல்லிக்கொடுக்கிறவன் ஆனான். படாமல் அடிப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தான். என் அப்பாவின் சாவுக்கு வந்து, தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து இடது தோளில் பாடை தூக்கினான். எனக்கு அவன்மேல் என்ன இருந்தது, அவனுக்கு என்மேல் என்ன இருந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இருந்தது. போன வருடம் அவனும் போய்விட்டான். கம்பளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த மலையில் இப்போது தேயிலை இல்லை. மானாப்புல் மண்டி, சிறுத்தை நடமாடுகிறதென்று விறகுக்குக்கூட யாரும் போவதில்லை. எரிந்த லயத்தின் இடத்தில் சின்னச் சின்னத் தனி வீடுகள் வந்திருக்கின்றன. அதுவரைக்கும் நல்லது. படம் பார்த்த அரங்கம் துணிக்கடையாகி, பிறகு அதுவும் மூடிக் கிடக்கிறது. நாங்கள் ஆடிய கொழும்பு மேடையில் இப்போது அரசியல்வாதிகள் பேசுகிறார்களாம். அங்கேயும் நடிப்புக்குக் குறைவிருக்காது.

அப்பாவுக்கு வேறு போட்டோ கிடையாது. அடையாள அட்டைப் படமும் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. அதனால் அந்தப் படத்தைத் தேடினேன். ஃபிலிம் பெட்டிகள் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்து புளித்த வாடை அடிக்கத் தொடங்கியதும் குப்பையில் போட்டுவிட்டார்களாம். போன வாரம், நான் கொழும்புக்குப் போன பிறகு பிறந்த என் தங்கையின் பேத்தி, யாரோ பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பதிந்து வைத்திருந்ததை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஃபோனை என் கையில் கொடுத்தாள். தேயிலை மலை வந்தது. தோளில் கூடை மாட்டிய பெண்கள் வந்தார்கள். அம்மா நின்ற மேடு வந்தது. பிறகு படம் ஒரு குதி குதித்து, நாயகி கானுக்குள் கிடந்து அழுவதில் போய் நின்றது. அறை இல்லை, இழுப்பு இல்லை, கத்துவது இல்லை, அப்பாவும் இல்லை. குழந்தைகளும் பார்ப்பார்கள் என்று வன்முறைக் காட்சியைத் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துவிட்டிருக்க வேண்டும்.

பிள்ளை இரண்டு தடவை பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தது. "இந்த எடத்துல எதுக்கு அப்பாயி இவ அழுவுறா?" என்று கேட்டது.